காட்டுக்குள் முறை சொல்லக் கூடாது

8 ஆகஸ்ட் 1966, திங்கள்

விடியமுன் என் வீட்டுக்காரரும் தம்பியும் காட்டுக்குப் போய்விட்டார்கள். சிறுபோக வயலில் பன்றி இறங்கி மேற்கு மூலை முழுவதையும் உழுதுவிட்டது. அதற்குப் பழி வாங்கப் போகிறாராம் இவர். பழியெல்லாம் வெறும் பேச்சு. இறைச்சி தின்று மாதக் கணக்காகிறது, அதுதான் உண்மை.

வேட்டைத் துவக்கு இவரிடம். தண்ணீர்ச் சுரைக்குடுவை, கத்தி, புட்டுப் பொட்டலம் எல்லாம் என் தம்பி நாகேந்திரத்திடம். தம்பிக்கு இதுதான் முதல் வேட்டை. ஊரின் பெரிய வேட்டைக்காரர் பொன்னர் அவனைத் தன் கூட்டத்தில் சேர்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். காரணம் அவன் வாய். எங்கள் பக்கத்துக் காட்டுக்குள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லியும் கூப்பிடக் கூடாது, முறை சொல்லியும் கூப்பிடக் கூடாது. கூ என்று கூவ வேண்டும், மற்றவர் கூ என்று பதில் கொடுப்பார். பேரோ முறையோ சொல்லி ஒரு குரல் கூப்பிட்டால் அது மனுசக் குரல் அல்ல, கொத்திப் பேய். அதற்கு 'ஏன்' என்று குரல் கொடுத்தவன் அதன் பின்னாலேயே போய்விடுவானாம். நாகேந்திரமோ நாள் முழுக்க 'அத்தான், அத்தான்' என்று இவரைச் சுற்றி வருகிறவன். செருப்பு வார் அறுந்தாலும் அவனுக்கு அத்தான் வேண்டும்.

வேலிப் படலையடியில் நின்று அவனுக்குப் புத்தி சொன்னேன்.

"காட்டுக்குள்ள அத்தானை என்னெண்டு அக்கா கூப்பிடுறது?"

"கூப்பிடாதை. கூவு."

"கூவிக் கூவி நான் சேவலாத்தான் திரும்பி வருவன் போல கிடக்கு."

இவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பொழுதுபட வந்துவிடுவார்கள். உள்ளி உரித்து வைத்திருக்கிறேன்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று வரவில்லை. பெரிய மிருகமாக விழுந்திருக்கும், அங்கேயே வெட்டி வாட்டிக்கொண்டு வருவார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

நெல் அவித்தேன். முற்றத்தில் காயப்போட்டுக் காகம் கலைத்தேன். வானம் மூடிக் கிடக்கிறது, ஆனால் மழை இல்லை. வெயில் இல்லாமல் நெல்லும் காயவில்லை. சூரியன் தெரியாத நாளில் காட்டுக்குள் கிழக்கு மேற்கு பிடிபடாது என்று பொன்னர் வேலியோடு போகும்போது சொல்லிவிட்டுப் போனார். கேட்காமலே சொல்லுவார் அந்த மனிதர்.

10 ஆகஸ்ட், புதன்

இன்றும் இல்லை. உள்ளி வாடிவிட்டது.

11 ஆகஸ்ட், வியாழன்

இவர் வந்துவிட்டார். தம்பி வரவில்லை.

மத்தியானம் ஒரு விறகு லொறி படலையில் வந்து நின்றது. மாங்குளம் றோட்டோரம் விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சாரம் கந்தல். சட்டையே இல்லை. பாதம் இரண்டும் முள்ளும் புண்ணுமாக வீங்கியிருந்தன. துவக்கையும் எங்கோ விட்டுவிட்டார். நான் முதலில் லொறிக்குப் பின்னால்தான் ஓடிப் பார்த்தேன். புருஷன் உயிரோடு வந்து நிற்கும்போது ஒருத்தி செய்கிற வேலையா அது? அப்படித்தான் செய்தேன். லொறியில் விறகு மட்டும் இருந்தது.

கஞ்சி குடித்த பிறகு ஊர் அதிகாரி விதானையாருக்கும் பொன்னருக்கும் நடந்ததைச் சொன்னார். ஆலடி மோட்டைக் குட்டையில் தண்ணீர் குடிக்க வந்த பன்றிக்கு இவர் துவக்கால் வெடி வைத்திருக்கிறார். பட்டது, விழவில்லை. அது பற்றைக்குள் பூந்துவிட்டது. தம்பியை ஆலமரத்தின் கீழ் நிற்கச் சொல்லிவிட்டு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறார். ஒரு இடத்தில் இரத்தம் நின்றுவிட்டது. திரும்பினால் வந்த வழி இல்லை. பார்த்த மரமெல்லாம் வீரையும் பாலையும், எல்லாம் ஒரே மாதிரி. கூவிக்கொண்டே நடந்திருக்கிறார். இருட்டினால் மரக்கவட்டில் ஏறிச் சாரத்தால் இடுப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். கீழே கரடி வந்து மரத்தை முகர்ந்துவிட்டுப் போனதாம். குடித்தது யானைக் காலடிக் குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீர். தின்றது வீரைப்பழம், பிறகு அதுவும் இல்லாமல் இலை.

"உன்ரை மச்சான் பதிலுக்குக் கூவேல்லையோ?" என்று விதானையார் கேட்டார்.

"இல்லை."

"ஒரு சத்தமும் கேக்கேல்லையோ?"

"நான் ஒண்டும் கேக்கேல்லை."

அதை அவர் கஞ்சிச் சிரட்டையைப் பார்த்துச் சொன்னார்.

பொன்னர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆலடி மோட்டைக்குப் போயிருக்கிறார். அம்மா நாகேந்திரத்தின் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

12 ஆகஸ்ட், வெள்ளி

முள்ளியவளையிலிருந்து என் தங்கச்சி சரசு பஸ்ஸில் வந்தாள். வந்ததும் அழுதாள், பிறகு வேலையைப் பங்கு போட்டாள். அவள் அடுப்படிக்கு, நான் இவருடைய காலில் முள்ளெடுக்க. ஊசியைத் தீயில் காட்டிக் காட்டி எடுத்தேன். ஆழமான முள் வரும்போதுகூட அவர் முனகவில்லை.

சரசு பின்னால் வந்து நின்று, "அத்தான், தேத்தண்ணி" என்றாள். அவர் திரும்பவில்லை. "அத்தான்" என்றாள் மறுபடியும். அவருடைய கால் என் கையில்தானே இருந்தது, அது நடுங்கத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். மூன்றாம் தரம் அவள் கூப்பிட்டபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை, வேலிக்கு அப்பால் காட்டுப் பக்கம் பார்த்தார். தேத்தண்ணி சிந்திப்போயிற்று.

"காய்ச்சல் போல கிடக்கு" என்றாள் சரசு.

"ஓம், காய்ச்சல்தான்" என்றேன். உடம்பு குளிர்ந்துதான் இருந்தது.

அயலவர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புகிறார். நான் 'இஞ்சருங்கோ' என்றாலும் திரும்புகிறார். சரசுவிடம், அவரைக் கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே என்றேன். ஏன் என்றாள். தலையிடி என்றேன்.

பின்னேரம் பொன்னர் ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஆலமரத்தின் கீழ் புட்டுப் பொட்டலத்தின் வாழையிலை கிடந்ததாம். வேறொன்றும் இல்லை. நாளைக்கு மோட்டைக்குக் கிழக்கே தேடப் போகிறார்கள்.

13 ஆகஸ்ட், சனி, காலை

கேட்டுவிடப் போகிறேன். கேட்காமல் விட்டால் எனக்கே தெரியாது என்று இருந்துவிடலாம். இவர் என் புருஷன். ஆனால் அவன் என் தம்பி.

14 ஆகஸ்ட், ஞாயிறு. வவுனியா ஆசுப்பத்திரி

வார்டு வாசலில், வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். கை இன்னும் சேறு மணக்கிறது. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி என்னையும் நம்பவைத்துவிடுவார்கள்.

காலையில் இவர் கிணற்றடியில் குந்தியிருந்தார். நான் தண்ணீர் அள்ளிக்கொண்டே, ஏதோ உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"தம்பி எங்கை நிண்டு கூப்பிட்டவன்?"

கூப்பிட்டானா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார். காலடி மண்ணைக் குச்சியால் கிளறினார். பிறகு சொன்னார்.

"மூண்டாம் நாள், இரட்டைக்கல்லுக்கு அங்கால. பள்ளத்துக்குள்ள."

"என்னெண்டு கூப்பிட்டவன்?"

"அத்தான் எண்டு. நான் கூவினன் பூரணம். மனிசன் எண்டால் திருப்பிக் கூவோணுந்தானே? கூவேல்லை. திரும்பவும் அத்தான் எண்டுது. அவன்ரை குரல் மாதிரியே இருந்தது. அதாலைதான் எனக்குப் பயம் பிடிச்சுது. தெரிஞ்ச குரலிலைதானே அது கூப்பிடும்."

"பிறகு?"

"காதைப் பொத்திக்கொண்டு ஓடினன்."

"கன தரம் கூப்பிட்டவனோ?"

"நான் ஓட ஓடக் கேட்டுது."

எனக்கு அவரை அடிக்க வேணும் போல வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தேன். பயந்த மனிதனை அடித்து என்ன? காட்டில் அந்த நிலையில் நான் நின்றிருந்தால் ஓடியிருக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியுமா? ஆனால் காட்டில் நடந்தது வேறு, வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது வேறு. கஞ்சி குடித்த வாயால், 'ஒண்டும் கேக்கேல்லை' என்றாரே. ஆட்கள் கிழக்கே தேடப் போகிறார்கள் என்று தெரிந்தும் இருந்தாரே. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நான் நேரே பொன்னர் வீட்டுக்குப் போனேன். விதானையாரும் அங்கேதான் நின்றார். சொன்னேன். பொன்னர் இவரைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடந்தது அதற்கு மேலே.

"உன்ரை மனிசன் நல்லதம்பி செய்தது சரி பிள்ளை" என்றார் பொன்னர். "பதில் சொல்லியிருந்தால் உனக்குத் தாலி இருக்காது."

"அது தம்பி அண்ணை. இரட்டைக்கல்லுக்குப் போங்கோ."

"முறை சொல்லிக் கூப்பிட்ட பக்கம் நான் ஆளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன். ஒருத்தனுக்காக ஆறு பேரைக் குடுக்கிறதோ?"

மற்றவர்களும் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை முள்ளுக்குள் என் தம்பியைத் தேடி நடந்தவர்கள்தான். அவன் இருக்கிற இடம் தெரிந்ததும் போகமாட்டோம் என்கிறார்கள்.

"அப்ப நான் போறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து குடத்தில் தண்ணீர் எடுத்தேன். இவர் இரண்டு பாதத்திலும் சாக்குத் துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. குரல் கேட்ட இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். விதானையார் இரண்டு பொடியன்களோடு வந்து சேர்ந்தார், அரசாங்க மனிதர் வராமல் இருக்க முடியாதே. பொன்னரும் தூரத்தில் வந்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றார், தனியாக வரமாட்டேன் என்று சொல்லவில்லைத்தானே. அது அவருடைய கணக்கு.

இவர் நடக்க நடக்கச் சாக்கில் இரத்தம் ஊறியது. நான் பார்த்தேன். நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

இரட்டைக்கல் என்பது இரண்டு பெரிய கரும்பாறை. அதற்கு அப்பால் பள்ளம், நாணலும் ஈஞ்சும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. விதானையார் கூவினார். பொன்னர் கூவினார். இவர் கூவப் பார்த்தார், சத்தம் வரவில்லை. ஒரு பதிலும் இல்லை. "பாத்தியே?" என்கிற மாதிரிப் பொன்னர் என்னைப் பார்த்தார்.

நான் கையை வாயில் குவித்துக் கத்தினேன். "நாகேந்திரம்! தம்பி! அக்கா வந்திருக்கிறன்!" பேரும் சொன்னேன், முறையும் சொன்னேன். கொத்திக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

"பிள்ளை, வாயைப் பொத்து!" பொன்னர் பாய்ந்து வந்தார்.

அப்போது கேட்டது. குரல் அல்ல. கல்லில் கல் தட்டுகிற சத்தம். நின்றது, மறுபடி தட்டியது.

ஒருவரும் அசையவில்லை. "அது கல்லும் தட்டும்" என்றார் பொன்னர், மெதுவாக. அவர் உதடு வெளுத்திருந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி ஓடினேன். பின்னால் இவர், "பூரணம், நில், நில்" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தக் காலோடு அவரால் ஓட முடியவில்லை.

அடியில் வற்றிப்போன சின்ன மோட்டை ஒன்று. அதன் ஓரம் கிடந்தான். தொடையைப் பன்றி கிழித்திருந்தது. இவரைத் தேடிக்கொண்டு வந்தவனை வெடிபட்ட அதே பன்றி அடித்திருக்க வேண்டும். காயத்தில் புழு. கையால் சேற்றைத் தோண்டி, சாரத்தைக் கிழித்து அதில் சேற்றை வைத்துப் பிழிந்து குடித்திருக்கிறான். சுரைக்குடுவை உடைந்து பக்கத்தில் கிடந்தது. கண்ணிலும் காதிலும் எறும்பு. நான் அடையாளம் பிடித்தது அவன் கையைப் பார்த்துத்தான்.

உதடு அசைந்துகொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தேன். சத்தமே இல்லை, மூச்சு மட்டும். அத்தான். அத்தான். அத்தான். நான் வந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. உதடு இரண்டும் வெடித்துப் பிளந்து காய்ந்து போயிருந்தன. அந்த உதட்டைக் குவித்து எப்படிக் கூவுவது?

"அக்கா வந்திட்டன். இனிக் கூப்பிடாதை ராசா" என்று அவன் வாயைத் தண்ணீரால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உதடு அசைவது நின்றது. பிறகுதான் இவர் வந்தார். பிறகு மற்றவர்கள். அவன் என்ன சொல்லிக்கொண்டு கிடந்தான் என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பொடியன்கள் தடி வெட்டி, வேட்டியைக் கட்டித் தூக்கினார்கள். பொன்னரும் ஒரு முனை பிடித்தார். றோட்டுவரை தோள் மாற்றவே இல்லை.

16 ஆகஸ்ட், செவ்வாய்

காலை எடுப்பதா விடுவதா என்று டொக்டர் நாளைக்குச் சொல்வாராம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சரசு அனுப்பிய சோறு பழுதாகிவிட்டது.

இவர் ஆசுப்பத்திரி வாசலில் வேப்பமரத்தின் கீழ் இருக்கிறார். கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. வார்டுக்குள்ளும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

17 ஆகஸ்ட், புதன்

காலை எடுக்கத் தேவையில்லை. நொண்டுவானாம். நொண்டட்டும்.

19 ஆகஸ்ட், வெள்ளி

இன்று தம்பிக்கு நினைவு தெளிந்தது. குரல் அடைத்துக் கிடக்கிறது. தொண்டை உள்ளே புண்ணாகியிருக்கிறது, கத்திக் கத்தித்தான் இப்படி வரும் என்று நேர்சு சொன்னாள். நல்ல காலம், என்னிடம் மட்டும் சொன்னாள்.

பார்வையாளர் நேரத்துக்கு ஊரே வந்துவிட்டது. விதானையார், பொன்னர், அம்மா, சரசு. தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "அத்தான் எங்கை?" என்றான்.

விதானையார் போய் இவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், நகம் வெளுத்திருந்தது. ஒரு கிழமைக்குள் பத்து வயது கூடியிருந்தது மனிதருக்கு.

பொன்னரால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. காட்டுக்குள்ள நீ அத்தான் எண்டு கூப்பிட்டனியோ?"

தம்பி பொன்னரைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தான். இவருடைய காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நானோ?" என்றான், அந்தக் கிழிந்த தொண்டையால். "எனக்கென்ன விசரோ, காட்டுக்குள்ள முறை சொல்ல? கூவினன். பிறகு மயங்கிப்போனன். நான் கூப்பிடேல்லை அத்தான்."

இவர் கட்டில் கம்பியில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதார். அழுகை என்றால் அப்படியொரு அழுகை. நேர்சு ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அம்மாகூட அவர் முதுகைத் தடவினாள்.

பொன்னர் என் பக்கம் திரும்பினார். கர்வம் இல்லை அவர் முகத்தில், நிம்மதிதான். "பாத்தியே பிள்ளை, நான் சொன்னன். அது இவனில்லை. நல்ல காலம் நல்லதம்பி பதில் குடுக்கேல்லை." விதானையார், "பெரிய ஆபத்தொண்டு தப்பிப் போச்சு" என்றார். இனி இந்தக் கதை எங்கள் பக்கத்துக் குளத்து ஊர்களுக்கெல்லாம் போகும். நாளைக்கு வேறொருவன் காட்டில் கால் முறிந்து கிடந்து கூப்பிடுவான். கேட்டவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான், சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் வாயைத் திறந்திருந்தால் அதை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் புருஷன் கம்பியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. பிழை என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு தம்பியின் கட்டிலில் இருந்தேன்.

"ஏன்ரா பொய் சொன்னனி?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நித்திரை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அத்தான் சாப்பிட்டவரோ அக்கா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் வேப்பமரத்தின் கீழ் என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று நான் கேட்கவே இல்லை. செத்துப் பிழைத்தவன் கேட்கிறான்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். போகவில்லை. ஆனாலும் எழும்பி வெளியே போனேன். மரத்தடியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் வருவதைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"இருங்கோ" என்றேன். "சாப்பிட்டனீங்களோ?"